சேதியும் கதையே: ஆனந்தரங்கப் பிள்ளையின் வாழ்வும் கதை என்னும் வகைமையின் எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்க் கதை இலக்கியத்தின் வரலாறு பெரும்பாலும் அச்சேறிய புதினத்திலிருந்தும் சிறுகதையிலிருந்துமே தொடங்கப்படுகிறது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இருபத்தைந்து ஆண்டுகள் தொடர்ந்து எழுதப்பட்ட ஆனந்தரங்கப் பிள்ளையின் (1709-1761) தினப்படிச் சேதிக் குறிப்பு வரலாற்றுச் சான்றாகப் பயன்படுத்தப்படுகிறதேயன்றி, எடுத்துரைப்பாக அரிதாகவே வாசிக்கப்படுகிறது. பிள்ளையின் வாழ்க்கையை அவருடைய எழுத்துச் செயலோடு இணைத்து நோக்கும் இக்கட்டுரை, முடிவு தெரியாமல் நாள்தோறும் எழுதப்படும் பதிவையும் கதை எனக் கொள்வதற்கான காரணங்களை முன்வைக்கிறது. அவ்வாறு கொள்ளும்போது எழும் சிக்கல்களையும் சுட்டுகிறது.

திறவுச் சொற்கள்

ஆனந்தரங்கப் பிள்ளை, நாட்குறிப்பு, கதை, எடுத்துரைப்பு, புதுச்சேரி, துபாசி, உரைநடை.

முன்னுரை

கதை என்னும் சொல் தமிழில் இருவேறு அளவுகளில் வழங்குகிறது. பேச்சு வழக்கில் அதன் பரப்பு பெரிது. தன் துயரத்தைச் சொல்ல வருபவர் தன் கதையைக் கேட்கச் சொல்கிறார்; திண்ணையில் கூடுவோர் ஊர்க்கதை பேசுகின்றனர். இலக்கிய வரலாற்றிலோ அதே சொல் சுருங்கி, புனையப்பட்டதும் தொடக்கமும் முடிவும் உடையதுமான ஆக்கத்தை மட்டுமே குறிக்கிறது. இச்சுருக்கம் பழைய மரபினின்று வந்ததன்று. தொல்காப்பியச் செய்யுளியல் உரைவகை நடையை நான்காகப் பகுத்தபோது, புனைந்துரைக்கும் உரையை அவற்றுள் ஒரு கூறாகவே வைத்தது. 1879இல் அச்சேறிய முதல் தமிழ்ப் புதினம், முற்றிலும் கற்பனையாக இருந்தும் பிரதாப முதலியார் சரித்திரம் என்றே பெயர் சூடிக்கொண்டது. சரித்திரம், கதை ஆகிய சொற்களுக்கிடையே இன்று நாம் எழுப்பியிருக்கும் சுவர் வேதநாயகம் பிள்ளையின் காலத்தில் அத்துணை உயரமாக இருக்கவில்லை என்பதை இது காட்டுகிறது.

அச்சுவருக்கு அப்பால் நிறுத்தப்பட்ட பனுவல்களுள் முதன்மையானது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. சொஸ்தலிகிதம், அதாவது தம் கையெழுத்து, என்ற அடைமொழியோடு வழங்கும் அக்குறிப்பு தன்னைச் சேதி என்றே அழைத்துக்கொள்கிறது. சேதி எப்போது கதையாகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

மாமனின் வழக்கும் மருகனின் ஏடும்

ஆனந்தரங்கர் 1709 மார்ச் 30 அன்று சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். தந்தை திருவேங்கடம் பிள்ளை வணிகர். இளமையிலேயே தாயை இழந்த ஆனந்தரங்கர் எம்பார் என்பவரிடம் கல்வி பயின்றார். திருவேங்கடம் பிள்ளையின் மைத்துனர் நைனியப்பப் பிள்ளை அப்போது புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் தரகராக விளங்கினார். அவருடைய அழைப்பால் குடும்பம் புதுச்சேரிக்குப் பெயர்ந்தது.

நைனியப்பரின் முடிவு துயரமானது. 1716இல் ஆளுநர் எபேர் காலத்தில் அவர் கைது செய்யப்பட்டார். கசையடியும் மூன்றாண்டுச் சிறையும் சொத்துப் பறிமுதலும் தண்டனையாக விதிக்கப்பட்டன. 1717இல் சிறையிலேயே இறந்தார். விசாரணையின் பதிவுகள் அவர் வாசித்தறியாத பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டன. அவருடைய மகன் குருவப் பிள்ளை பிரான்சு நாட்டிற்கே சென்று முறையிட்டார். அங்கே கிறித்தவம் தழுவி, செவாலியர் பட்டம் பெற்றுத் திரும்பினார். நைனியப்பர் மீதான தீர்ப்பு அவர் மறைந்த பின்னரே மாற்றப்பட்டது.

ஒருவரின் கதை, அவரால் வாசிக்க இயலாத மொழியில் பிறரால் எழுதப்பட்டு அவரையே சிறையில் வீழ்த்திய நிகழ்வு இது. பிள்ளை நாட்குறிப்பு எழுதத் தொடங்கியதற்கு இதுவே காரணம் என நிறுவுவதற்கு நேரடிச் சான்று இல்லை. எனினும் அக்குடும்பத்தில் வளர்ந்த ஒருவர், அதே கும்பினியின் பணியில் இருந்துகொண்டே, தாம் கண்டதையும் கேட்டதையும் தம் மொழியில் தம் கையால் எழுதிவைத்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

1726இல் தந்தை மறைந்தார். ஆளுநர் லெனுவாரின் ஆதரவு ஆனந்தரங்கருக்குக் கிடைத்தது. பரங்கிப்பேட்டையில் கும்பினியின் வணிகத்தைக் கவனிக்கும் பொறுப்பும் வந்தது. மங்கதாயி அம்மாளை மணந்தார். ஆனந்தப்புரவி என்னும் கப்பலுக்கு உரிமையாளராகும் அளவுக்கு வணிகத்தில் உயர்ந்தார். புதுச்சேரிப் பெரிய கடைக்கு அருகே, இன்று அவர் பெயராலேயே ரங்கப்பிள்ளை வீதி என வழங்கும் தெருவில் உள்ள அவருடைய மாளிகையின் கீழ்த்தளம் மரத்தூண்களோடு தமிழ் வீட்டு முறையிலும், மேல்தளம் ஐரோப்பிய முறையிலும் அமைந்திருப்பதை இன்றும் காணலாம். இரு உலகங்களுக்கு நடுவே வாழ்ந்தவரின் நிலையை அவ்வீடே உணர்த்துகிறது.

எழுதத் தொடங்குதல்

நாட்குறிப்பு 1736 செப்டம்பர் 6 அன்று தொடங்குகிறது. கண்ணால் கண்டவற்றையும் காதால் கேட்டவற்றையும், கப்பல்களின் வரவையும் போக்கையும், வியப்பான நிகழ்வுகளையும் எழுதப்போவதாக அதன் தொடக்கத்திலேயே பிள்ளை தம் நோக்கத்தைக் குறிப்பிடுகிறார். இந்நோக்கவுரையில் இரண்டு செய்திகள் கவனத்துக்குரியவை. ஒன்று, கண்டதும் கேட்டதும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன. மற்றொன்று, வணிகத் தகவலும் வியப்பும் அருகருகே இடம்பெறுகின்றன. வரவு செலவு எழுதும் கணக்கரின் ஒழுங்கும், புதுமையைப் பிறருக்குச் சொல்ல விழையும் கதைசொல்லியின் ஆர்வமும் ஒரே ஏட்டில் கூடுகின்றன.

ஒவ்வொரு பதிவும் ஐரோப்பிய நாளோடு தமிழ் வருடப் பெயர், மாதம், தேதி, கிழமை ஆகியவற்றையும் தாங்கி வருகிறது. மொழி அக்காலப் பேச்சுக்கு மிக நெருக்கமானது. தெலுங்கு, பாரசீகம், போர்ச்சுகீசியம், பிரெஞ்சு ஆகிய மொழிகளின் சொற்கள் தயக்கமின்றிக் கலந்து வருகின்றன. செய்யுளே இலக்கியம் என்று கருதப்பட்ட காலத்தில் இம்மொழி இலக்கியத் தகுதி உடையதாக எண்ணப்பட்டிருக்க வாய்ப்பில்லை.

பிள்ளையைப் பற்றிய இலக்கியம் என்று அவர் காலத்தவர் கருதியவை வேறு. தியாகராச தேசிகர் அவர்மீது ஆனந்தரங்கன் கோவை பாடினார். சீனிவாச கவி 1752இல் வடமொழியில் ஆனந்தரங்க விசய சம்பு இயற்றினார். கோவை இலக்கணப்படி புரவலர் பாட்டுடைத் தலைவராக நிற்பார். காதல் நிகழ்வுகள் பெயர் சுட்டப்படாத கிளவித் தலைவனுக்கும் தலைவிக்கும் உரியவை. ஆகவே கோவை முழுவதும் ஆனந்தரங்கரின் பெயர் ஒலித்தாலும், அவருக்கு நேர்ந்த எதுவும் அதில் நிகழ்வதில்லை. அகத்துறைகளின் முறையான வரிசையைத் தாங்கி நிற்கும் பெயராக மட்டுமே அவர் இடம்பெறுகிறார். கோவையில் பாட்டுடைத் தலைவராக இருந்தவர், வீட்டில் நாள்தோறும் தம் அச்சங்களையும் கணிப்புகளையும் உரைநடையில் எழுதிவந்தார். வாழ்ந்த மனிதரின் கதை எங்கே இருக்கிறது என்னும் வினாவுக்கு இவ்விரு எழுத்துகளின் ஒப்பீடு விடை தருகிறது.

நாளை தெரியாத எடுத்துரைப்பு

1724 முதல் தலைமைத் துபாசியாக இருந்த கனகராய முதலியார் 1746 பிப்ரவரியில் காலமானார். அப்பதவி யாருக்கு என்பது ஓராண்டுக்கும் மேலாக முடிவாகவில்லை. முதலியாரின் தம்பி சின்ன முதலி ஒருபுறமும், அன்னபூரண ஐயன் மறுபுறமும் அதை நாடினர். ஆளுநர் டூப்ளேயின் மனைவி ழான், பிள்ளைக்கு எதிராக இருந்தார். இக்காலப் பதிவுகளில் பேரங்கள், தூதுகள், சோதிடக் கணிப்புகள், ஆளுநரின் முகக்குறிப்புப் பற்றிய ஊகங்கள் ஆகியன நாள்தோறும் வந்துகொண்டிருக்கின்றன. 1747இல் பதவி பிள்ளைக்கு வந்தது.

பின்னாளில் வாசிப்பவர் முடிவை அறிந்தவர். எழுதிய கை அறியாதது. புதினத்தில் ஆசிரியர் முடிவைத் தெரிந்துகொண்டு வாசகரிடம் மறைக்கிறார். இங்கே எழுதுபவரே முடிவறியாமல் நிற்கிறார். இன்று முக்கியமாகத் தோன்றி எழுதப்பட்ட வதந்தி அடுத்த வாரம் பொய்யாகிறது; ஆனால் முந்தைய பதிவு அழிக்கப்படுவதில்லை. 1746 செப்டம்பரில் லபோர்தொனேயின் படை சென்னையைக் கைப்பற்றியதையும், அதன்பின் அவருக்கும் டூப்ளேக்கும் மூண்ட பூசலையும் பற்றிய பதிவுகள் இத்தகையவை. செய்தி வெவ்வேறு வாய்களின் வழியே வெவ்வேறு வடிவில் வந்து சேர்வதைப் பிள்ளை அப்படியே அடுக்கிச் செல்கிறார். கதைக்கு முடிவு வேண்டும் என்பதை இலக்கணமாகக் கொண்டால் இவ்வெழுத்து கதையன்று. காலத்தினுள் சிக்கிய மனிதர் அடுத்தது என்ன என்று தவிப்பதே கதையின் உயிர் என்றால், இதைவிடக் கதை வேறில்லை.

மற்றொரு கூறு உரையாடல். ஆளுநரோடு தாம் பேசியவற்றை, அவர் கேட்டது, தாம் சொன்னது என்று முறை மாற்றிப் பக்கக் கணக்கில் பிள்ளை எழுதுகிறார். டூப்ளேயின் முன் அவருடைய அதிர்ஷ்டத்தைப் புகழ்ந்துரைக்கும் அதே மனிதர், தனிமையில் அவருடைய செயல்களைக் கடிந்து எழுதுகிறார். அவையில் ஒரு குரலும் ஏட்டில் ஒரு குரலுமாக அமையும் இவ்விரட்டை நிலை, மொழிபெயர்ப்பாளராகவும் இடைநிலையாளராகவும் பணிபுரிந்த துபாசியின் வாழ்நிலையோடு இயைந்தது. பாத்திரத்தின் சொல்லுக்கும் உள்ளத்துக்கும் இடையே உள்ள இடைவெளியைக் காட்டுவது பின்னர் புதினத்தின் தனிச் சிறப்பாகப் போற்றப்பட்டது. அவ்விடைவெளி இங்கே முன்னரே பதிவாகியிருக்கிறது.

ஏட்டில் நுழைந்த எளியோர்

புதுச்சேரி நெல்லித்தோப்பு இன்று நகரின் நடுப்பகுதிபோல் காட்சியளித்தாலும், பழைய நகரைச் சூழ்ந்த புல்வார் சாலைகளுக்கு மேற்கே, வெளிப்புறத்தில் அமைந்தது. இவ்வழியே மேலும் மேற்கே சென்றால் ரெட்டியார்பாளையமும் உழவர்கரையும் வரும். உழவர்கரை, பழைய வழக்கில் ஒழுகரை. இறந்த தம் மகனின் நினைவாகக் கனகராய முதலியார் ஒழுகரையில் கட்டிய தேவாலயத்தின் திறப்பு விருந்து 1745இல் நடைபெற்றது. கிறித்தவர், இந்துக்கள் எனப் பல சாதியாரும் அழைக்கப்பட்டனர். விருந்துக்குப் பிள்ளையும் சென்றார். ஏற்பாடுகளையும், உணவு எவ்வாறு தனித்தனியே சமைக்கப்பட்டது என்பதையும், அவற்றைக் குறித்த தம் கருத்தையும் எழுதினார். போட்டியாளரின் வீட்டு விருந்துக்குச் சென்று திரும்பியவரின் கூர்மையும் சிறு பொறாமையும் ஒருங்கே புலப்படும் பதிவு அது.

அதே 1745ஆம் ஆண்டு அக்டோபரில் புதுச்சேரிக் கிறித்தவ ஆலயத்தினுள் பறையர் கிறித்தவரைப் பிரித்து வைத்திருந்த சுவர் பற்றிய பதிவு வருகிறது. அம்மக்கள் குருக்களிடம் சென்று, தாங்களும் கிறித்தவரே என்னும்போது இப்பிரிவினை எதற்கு என முறையிட்டனர். சுவர் அகற்றப்பட்டது, சாதிக் கிறித்தவரின் எதிர்ப்பும் எழுந்தது. 1743ஆம் ஆண்டுப் பதிவொன்று, ஏழைகளை ஏமாற்றிப் பிடித்து அடைத்துவைத்து அடிமைகளாகக் கப்பலேற்றிய கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறது. இவர்களுக்குக் கோவை பாட எவரும் இல்லை. கல்வெட்டிலும் செப்பேட்டிலும் இவர்கள் இடம்பெறும் வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு வணிகரின் சேதிக் குறிப்பில், சில பத்திகளுக்கு மட்டும், இவர்கள் செயல்படும் மாந்தராகத் தோன்றி மறைகின்றனர். அப்பத்திகளைக் கதை என ஏற்காவிடில், இவர்களுக்குத் தமிழில் அந்நூற்றாண்டின் கதையே இல்லை என்று ஆகிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பிள்ளை இம்மக்களின் சார்பில் எழுதவில்லை. சாதி ஒழுங்கை இயல்பானது எனக் கருதிய செல்வந்தரின் பார்வையே பதிவுகளில் மேலோங்கி நிற்கிறது. கதையின் எல்லையை விரிப்பது கதைசொல்லியை உயர்த்துவதாகாது. அவருடைய பார்வைக் கோணத்தை ஆய்வுக்கு உட்படுத்தவே அது வழிவகுக்கிறது.

1748: கதைசொல்லியின் சோதனை

அக்கோணம் மிகக் கடுமையாகச் சோதிக்கப்படும் இடம் வேதபுரீசுவரர் கோயில் இடிப்பு. 1748இல் ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவனின் படை புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தது. சேசு சபையார் நெடுங்காலமாக அகற்ற விரும்பிய அக்கோயில், செப்டம்பர் 8 அன்று ஆளுநரின் ஆணையால் இடிக்கப்பட்டது. கோயிலைச் சேர்ந்தோர் பிள்ளையிடம் ஓடிவந்தனர். திருமேனிகளைக் காளத்தீசுவரர் கோயிலுக்குக் கொண்டுசெல்லவே வழி பிறந்தது.

பிள்ளை அப்போது தலைமைத் துபாசி. நகரத் தமிழரின் தலைவராக ஆட்சியின் முன் நின்றவர். இடிப்பை அவரால் தடுக்க இயலவில்லை. அன்றைய பதிவில் நிகழ்வுகள் மணிக்கணக்கில் விரிகின்றன. யார் என்ன சொன்னார், யார் எங்கே நின்றார், கருவறைக்குள் குருமார் என்ன செய்தனர் என்பன வரிசையாக வருகின்றன. பழி ஆளுநரின் மனைவி மீதும், சேசு சபையார் மீதும், ஒன்றுபட்டு நிற்காத மகாநாட்டார் மீதும் பரவுகிறது. எழுதியவர்மீது மட்டும் அது தங்குவதில்லை.

வரலாற்றாய்வாளர் இப்பதிவிலிருந்து நிகழ்வை எடுத்துக்கொண்டு எழுதியவரை விட்டுவிடுவது வழக்கம். கதையாக வாசிப்பவர்க்கு எழுதியவரே முதன்மையான பாத்திரம். பதவியைக் காக்கும் கட்டாயமும் சமய உணர்வும் மோதும் உள்ளம் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொள்வதை அப்பதிவின் ஒழுங்கமைப்பே காட்டுகிறது. எவருடைய பேச்சு விரிவாகத் தரப்படுகிறது, எவருடையது சுருக்கப்படுகிறது என்னும் வினாக்கள் எடுத்துரைப்பியலுக்கு உரியவை. அவற்றைக் கேட்கும்போதே இப்பதிவு வரலாற்றுச் சான்றாகவும் கூடுதல் தெளிவு பெறுகிறது.

உயர்வும் ஒடுக்கமும்

1750 டிசம்பரில் நாசர் ஜங் கொல்லப்பட்டபின் முசபர் ஜங் தக்காணத்தின் ஆட்சியுரிமை பெற்றார். அவர் வழியே பிள்ளைக்கு மன்சப் பெருமையும் விசய ஆனந்தரங்கப் பிள்ளை என்னும் விருதுப் பெயரும் செங்கற்பட்டுப் பகுதியின் உரிமையும் கிடைத்தன. 1754இல் டூப்ளே திரும்ப அழைக்கப்பட்டு, கோதே வந்தார். அதனோடு பிள்ளையின் செல்வாக்கும் சரியத் தொடங்கியது. 1756இல் மங்கதாயி அம்மாள் மறைந்தார். அவ்வாண்டே ஆளுநர் லெரி, உடல்நலம் குன்றியிருந்த பிள்ளையைப் பதவியிலிருந்து நீக்கினார். 1758இல் வந்த லாலியின் போர்கள் நகரை வறுமையில் ஆழ்த்தின. ஆங்கிலேயரின் நீண்ட முற்றுகைக்குப் பின் 1761 ஜனவரி 16 அன்று புதுச்சேரி சரணடைந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே பிள்ளை காலமானார். நகரின் வீழ்ச்சியை எழுத அவர் இல்லை. கதை தன் இயல்பின்படியே முடிவின்றி நின்றுவிட்டது.

எழுதும் வழக்கம் அவரோடு நிற்கவில்லை. அவர் குடும்பத்தாரும், 1778 முதல் 1792 வரை குறிப்பெழுதிய இரண்டாம் வீராநாயக்கரும் அதைத் தொடர்ந்தனர். புதுச்சேரியில் நாட்குறிப்பு ஒரு மரபாகவே உருப்பெற்றது.

ஏட்டின் மறுபிறப்பு

1846இல் கலுவா மொம்பிரேன் இந்நாட்குறிப்பை வெளிக்கொணர்ந்தார். ஆரியேல் எடுப்பித்த படி பாரிசு தேசிய நூலகத்தைச் சேர்ந்தது. 1894இல் வேன்சோன் பிரெஞ்சில் பகுதிகளை வெளியிட்டார். சென்னை அரசு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளில் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தது. தமிழ் மூலம் நூல்வடிவம் பெறத் தொடங்கியது 1948இல்தான். பன்னிரண்டு தொகுதிகளாக மு. ராஜேந்திரன், அ. வெண்ணிலா ஆகியோரின் பதிப்பு 2019இல் வெளிவந்தது. தமிழில் எழுதப்பட்டது பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சான்றாவணமாகப் பெயர் பெற்ற பின்னரே தமிழ் வாசகரை அடைந்தது. அது இலக்கியமாக வாசிக்கப்படாமைக்கு இவ்வரிசையும் ஒரு காரணம்.

பிள்ளையைச் சாமுவேல் பெப்பிசோடு ஒப்பிடுவது வழக்கம். பெப்பிசு 1660 முதல் 1669 வரை எழுதிய நாட்குறிப்பு 1825இல் அச்சேறி, ஆங்கில உரைநடை இலக்கியத்தில் நிலையான இடம் பெற்றது. பெயரளவில் ஒப்பீட்டை ஏற்கும் நாம், அதன் பயனாகிய இலக்கியத் தகுதியைப் பிள்ளைக்கு வழங்கத் தயங்குகிறோம். மேலும் பெப்பிசு தன் நாட்டு அரசின் அதிகாரி. பிள்ளை அயலாரின் அதிகாரத்துக்கும் தன் மக்களுக்கும் நடுவே நின்றவர். அவர் எழுத்தின் பதற்றம் அவ்விடத்திற்கே உரியது.

புதுச்சேரி எழுத்தாளர் பிரபஞ்சன், மானுடம் வெல்லும், வானம் வசப்படும் ஆகிய புதினங்களில் இக்காலத்தை மீட்டுருவாக்கினார். பின்னது 1995ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நாட்குறிப்பினுள் கதை உறைந்திருப்பதை முதலில் உணர்ந்து காட்டியவர் அவரே எனலாம். ஆயினும் அப்புதினங்களின் வெற்றி நாட்குறிப்பை மூலப்பொருளாக மட்டும் எண்ணச் செய்யும் விளைவையும் தந்தது. புதினம் தேர்ந்து இணைக்கிறது. நாட்குறிப்பு இணைக்காமல் விட்டுவைக்கிறது. இணைக்காமையும் ஓர் எடுத்துரைப்பு முறையே.

முடிவுரை

ஆனந்தரங்கப் பிள்ளை தம்மைக் கதாசிரியராக எண்ணியிருக்க மாட்டார். அவருடைய ஏட்டைக் கதையாகக் கொள்வது, அதன் வரலாற்று மதிப்பைக் குறைப்பதோ எல்லா ஆவணங்களையும் இலக்கியமாக்குவதோ ஆகாது. முடிவறியாத காலம், பல வாய்ச் செய்திகளின் அடுக்கு, அவைக்குரலும் அகக்குரலும் மோதும் தன்மை, எதிர்பாராது நுழையும் எளிய மாந்தர் ஆகிய நான்கு கூறுகளால் அப்பனுவல் கதைத்தன்மை பெறுகிறது. இவற்றை ஏற்பின், தமிழ் உரைநடைக் கதையின் தொடக்கம் 1879இலோ, வ.வே.சு. ஐயர் புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில் எழுதிய சிறுகதையிலோ நிலைகொள்ளாமல் மேலும் பின்னோக்கிச் செல்லும். கணக்கேடு, கடிதம், வழக்குமன்ற வாக்குமூலம், பயணக் குறிப்பு எனப் பல பனுவல்களை எடுத்துரைப்பாக மறுவாசிப்பு செய்யவும் வாயில் திறக்கும்.

ஒழுகரை விருந்துக்கு வந்தோரையும், சுவரை எதிர்த்து முறையிட்டோரையும், கப்பலேற்றப்பட்டோரையும் நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தது சேதி என்று பெயரிடப்பட்ட ஓர் எழுத்தே. அதைக் கதை என்று வாசிக்கும் பொறுப்பு தமிழாய்வுக்கு உரியது.